பீடித்தட்டும் பீடமும்

திருப்பலியில் காணிக்கை வேளை வருகிறது. அப்பமும் இரசமும் பீடத்திற்குக் கொண்டுவரப்படுகின்றன. குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது, அது நிலம் தந்த கொடை என்றும், மனிதக் கைகளின் உழைப்பு என்றும் இரண்டையும் சேர்த்தே சொல்லி இறைவனை வாழ்த்துகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வெளிவந்த 1970ஆம் ஆண்டுத் திருப்பலிப் புத்தகத்தில் இடம்பெற்ற இம்மன்றாட்டைக் கேட்கும் உழவர் தம் நெல்மணியையும், தச்சர் தம் இழைப்புளியையும், ஆசிரியை தம் சுண்ணக்கட்டியையும் மனத்தால் அந்தத் தட்டில் வைத்துவிடலாம். ஆனால் தென்காசிச் சீமையில் நம் ஆலயங்களில் வந்து அமரும் பெண்களில் பலர் வாரம் முழுவதும் செய்த வேலை பீடி சுற்றுதல். புகையிலைத் தூள் படிந்த விரல்களைக் குவித்து அமர்ந்திருக்கும் அந்தச் சகோதரி, அந்த வேளையில் எதை வைப்பாள்? மடியில் இருந்து இறக்கி வைத்துவிட்டு வந்த தட்டுக்கும், கண்முன் இருக்கும் பீடத்திற்கும் உறவு உண்டா?

விசுவாசமும் அன்றாட வாழ்வும் தனித்தனியே பிரிந்து கிடப்பதை நம் காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாக வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 43ஆம் பத்தியில் எடுத்துரைத்தது. அந்தப் பிரிவைப் பொதுப்படையாகப் பேசுவது எளிது. நம் பகுதியின் ஒரு தொழிலை முன்வைத்து, வரலாற்றின் வெளிச்சத்தில் அதைப் பார்க்க இக்கட்டுரையில் முயல்வோம்.

கல்லில் எழுதியதும் கணக்குப் புத்தகத்தில் எழுதியதும்

தென்காசியின் வரலாறு கல்லில் எழுதப்பட்ட வரலாறு. 1446ஆம் ஆண்டு பராக்கிரம பாண்டியன் அங்கே விசுவநாதர் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினான். அவ்வாலயத்திற்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரை வணங்குவதாக அவன் கல்வெட்டில் பொறித்து வைத்தான். இன்னும் பிறவாத, பெயரறியாத உழைப்பாளிகளை ஒரு மன்னன் வணங்கிய செய்தி அது. பக்கத்து மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயரோ, 18ஆம் நூற்றாண்டில் தாம் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்லிப் பிழைக்கும் சிங்கிக்கும் பறவை பிடித்துப் பிழைக்கும் சிங்கனுக்கும் பெரும் இடம் ஒதுக்கினார். உழைத்துண்போரை மதிக்கும் மரபு இந்த மண்ணுக்குப் புதிதன்று.

பீடி சுற்றும் பெண்களின் வரலாறோ எந்தக் கல்லிலும் இல்லை. அது பாஸ்புக் எனப்படும் சிறிய கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை கட்டு கொடுத்தாள், எத்தனை கழிக்கப்பட்டது, எவ்வளவு இலையும் தூளும் பெற்றாள் என்ற வரிகளே அவளுடைய சரித்திரம். தென்காசி, கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் என்று நீளும் ஊர்களில் இந்து, இசுலாமிய, கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இந்தப் புத்தகம் உண்டு. இதை வாசிப்போரிலும் சிலருடைய கல்லூரிக் கட்டணம் ஒரு தாயின் பாஸ்புக்கிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

பீடிக்கு வேண்டிய மூலப்பொருள்கள் குற்றால மலையடிவாரத்தில் விளைவன அல்ல. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய மாநிலக் காடுகளில் பறிக்கப்படும் தெந்து மரத்து இலை. புகையிலை பெரும்பாலும் குஜராத், கர்நாடக வயல்களில் விளைவது. நம் ஊர் அளிப்பது விரல்களின் திறமை. முதல் நாளே இலையை நீரில் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். பின் தகட்டு அச்சை வைத்துக் கத்தரியால் ஒரே அளவாக வெட்ட வேண்டும். வெட்டிய இலையில் கால் கிராமும் எட்டாத தூளைப் பரப்பி, ஒரு முனை குறுகி மறுமுனை சற்று அகன்றிருக்குமாறு சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடக்கி மூட வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் 1000. கூலி அந்த ஆயிரத்தின் கணக்கில்தான். அடுப்பு, தண்ணீர்க் குடம், பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஆகியவற்றுக்கு இடையே, கைதேர்ந்த ஒரு பெண் விடியலில் தொடங்கி இரவு வரை அந்த ஆயிரத்தை எட்ட உழைக்கிறாள்.

தட்டு வீட்டுக்கு வந்த கதை

1905ஆம் ஆண்டுச் சுதேசி இயக்கம் அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கச் சொன்னபோது, வெளிநாட்டுச் சிகரெட்டின் இடத்தில் உள்நாட்டுப் பீடி பரவலாயிற்று. தொழிலாளர் கூடிச் சுற்றும் கூடங்கள் பெருகின. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பலர் கூடி வேலை செய்யும் இடங்களுக்கு நேரக் கட்டுப்பாடும் விடுப்பும் காற்றோட்டமும் கட்டாயமாயின. அதன் விளைவு விந்தையானது. சட்டத்தின் வரம்புக்குள் வராதபடி கூடங்கள் சிதறின. ஒப்பந்தக்காரர்கள் இடையில் வந்தார்கள். இலையும் தூளும் வீடுகளுக்குச் சென்றன. தொழிலாளி கூடத்தை விட்டுத் தன் திண்ணைக்கு வந்தாள். அவளைக் காக்க எழுதிய சட்டமோ அவள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

சென்னை மாநிலம் 1958ஆம் ஆண்டு பீடித் தொழிற்கூடங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் ஒரு மாநிலம் கட்டுப்படுத்தினால் தொழில் அடுத்த மாநிலத்துக்கு நகர்ந்துவிடும் நிலை இருந்தது. ஆகவேதான் 1966ஆம் ஆண்டு நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நாடு முழுமைக்கும் இயற்றியது. பொருளை வாங்கிச் சென்று வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே அது வரையறுத்தது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காடினர். உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டு அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் நல நிதி அமைக்கப்பட்டது. பீடி மீது விதித்த தீர்வையிலிருந்து மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் வீடு கட்ட உதவியும் வழங்க அது வழி செய்தது. சரக்கு மற்றும் சேவை வரி 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது அந்தத் தீர்வை நின்றது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும், 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. நாட்டில் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். அவர்களுள் மிகப் பலர் பெண்கள்.

சட்டத்தின் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திண்ணையில் தனியே அமர்ந்து சுற்றும் பெண்ணைப் பார்க்கிறவருக்கு, அவள் தன் விருப்பத்தால் ஒரு கைத்தொழில் செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் நாடெங்கும் பரந்த ஓர் ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி அவள். அவளுடைய உழைப்பைப் பற்றி விசுவாசம் பேசுமானால், அந்த ஏற்பாடு முழுவதையும் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஒரே கூரையின் கீழ்

வீடே தொழிற்கூடமாக இருப்பது திருச்சபைக்குப் பழகிய காட்சி. திருத்தூதர் பவுல் கொரிந்து நகருக்கு வந்தபோது அக்கிலா, பிரிசில்லா என்னும் தம்பதியர் வீட்டில் தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் கூடாரம் செய்பவர்கள். பவுலுக்கும் அதுவே தொழில். மூவரும் ஒன்றாக உழைத்தார்கள். பின்னர் எபேசிலிருந்து எழுதும் மடலில், அதே தம்பதியர் வீட்டில் கூடும் திருச்சபையின் வாழ்த்துகளைப் பவுல் அனுப்புகிறார். ஊசியும் துணியும் கிடந்த கூரையின் கீழேயே அப்பமும் பிட்கப்பட்டது. தொழிலிடம் வேறு, வழிபாட்டிடம் வேறு என்னும் பிரிவு அந்த முதல் கிறிஸ்தவர்களுக்குத் தெரியாது.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் துறவியர் பனை இனத்து ஓலைகளை நீரில் நனைத்துப் பதமாக்கிக் கூடைகளும் கயிறுகளும் முடைந்தனர். கை முடையும்போது வாய் திருப்பாடல்களைச் சொல்லும். முடைந்ததை விற்று உணவு வாங்கினர். எஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்தனர். ஏறத்தாழ 400ஆம் ஆண்டில், மன்றாட்டையே காரணமாகக் காட்டி உழைக்க மறுத்த துறவியர் சிலரை முன்னிட்டுப் புனித அகுஸ்தினார் ஒரு சிறு நூல் எழுதினார். கைவேலை செய்வோர் வேலையின் ஊடேயே இறைப்பாடல்களைப் பாட முடியும் என்பதற்குப் படகோட்டிகள் பாடிக்கொண்டே துடுப்பு வலிப்பதை அவர் ஒப்பிட்டுக் காட்டினார்.

நம் ஊர்த் திண்ணைகளில் இது இன்றும் நடக்கிறது. நான்கைந்து பெண்கள் தட்டுகளோடு கூடி அமர்கிறார்கள். ஒருவர் செபமாலையைத் தொடங்க, மற்றவர்கள் கை நிற்காமல் மறுமொழி சொல்கிறார்கள். விரல்களுக்கு மணிகளை உருட்ட ஓய்வில்லை. ஆகவே கட்டுகளே எண்ணிக்கை ஆகின்றன. நனைந்த இலையை வைத்திருக்கும் இவர்களும் நனைந்த ஓலையை வைத்திருந்த எகிப்தியத் துறவியரும் ஒரே மரபினர் என்று நாம் துணிந்து சொல்லலாம்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேலையின் நடுவே செபிப்பது மேன்மையானது. ஆனால் விசுவாசத்தையும் வேலையையும் இணைப்பது அதோடு முடிந்துவிடுமானால், விசுவாசம் அவளுடைய உதட்டோடு நின்றுவிடும். அவளுடைய இலைக்கும் தராசுக்கும் கூலிக்கும் அது எதுவும் சொல்லாது. திருமறை நூல் அப்படி மௌனமாக இருக்கவில்லை.

வைக்கோலும் இலையும்

விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரம் ஒரு தொழிற்கூடத்தின் கதை. எகிப்தில் இஸ்ரயேல் மக்கள் செங்கல் அறுத்தார்கள். அதற்கு வேண்டிய வைக்கோலை அரசு கொடுத்து வந்தது. அவர்கள் வழிபாட்டுக்கு விடுமுறை கேட்டார்கள். அந்தக் கோரிக்கையைச் சோம்பல் என்று பழித்த பார்வோன், இனி வைக்கோல் கொடுக்க வேண்டாம், அவர்களே போய்ப் பொறுக்கட்டும், ஆனால் செங்கல்லின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்று ஆணையிட்டான். எண்ணிக்கை குறைந்தபோது அடி வாங்கியவர்கள், மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்டிருந்த இஸ்ரயேலரே.

பீடி சுற்றும் பெண் ஒருத்தியிடம் இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினால் அவளுக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. இலையில் ஓட்டையும் கிழிசலும் மிகுந்திருந்தால் வெட்டும்போது குறைந்துபோகும். ஆனால் எண்ணிக்கை குறையலாகாது. குறையை நிரப்பக் கடையில் தன் காசுக்கு இலை வாங்கி வைப்பவர் உண்டு. சுற்றிக் கொடுத்தபின், சரியில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி கிடைக்காது போகும் அச்சம் உண்டு. இது ஏதோ ஒரு கடையின் குற்றமாக மட்டும் எழுந்த பிரச்சினை அன்று. 1966ஆம் ஆண்டுச் சட்டமே தன் 39ஆம் பிரிவில், மூலப்பொருள் வழங்குவது, பீடி கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி கொடுப்பது ஆகிய மூன்றையும் பற்றிய தகராறுகளைத் தீர்க்கத் தனி வழி வகுத்தது. சட்டம் எழுதியோர் வைக்கோலின் கதையை அறிந்திருந்தார்கள்.

இறைவாக்கினர் ஆமோசு தம் 8ஆம் அதிகாரத்தில் வணிகர் சிலரைக் கண்டிக்கிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், நாம் மரக்காலைச் சிறிதாக்கிக் கள்ளத் தராசால் விற்கலாமே என்று காத்திருந்தவர்கள் அவர்கள். ஓய்வுநாளில் வழிபாட்டு இடத்தில்தான் இருந்தார்கள். மனம் தராசில் இருந்தது. தட்டுக்கும் பீடத்திற்கும் இடையே விழும் பிளவு அதுதான். அந்தப் பிளவு உழைப்பவளிடம் தோன்றியதன்று, எடை போடுகிறவரிடம் தோன்றியது என்பதை ஆமோசு தெளிவாக்குகிறார்.

தென்காசி நகர ஆலயம் அதிதூதரான புனித மிக்கேலின் பெயரைத் தாங்கியது. கிறிஸ்தவ ஓவிய மரபில் மிக்கேலின் ஒரு கையில் வாளும் மறு கையில் தராசும் காணப்படும். அலகையை வென்ற வாளை நாம் வியந்து பார்க்கிறோம். தராசையும் சற்று நோக்க வேண்டும். இலையை நிறுப்பவரும் கட்டுகளைச் சோதிப்பவரும் கணக்கெழுதுபவரும் இடைத்தரகரும் நம் ஆலயங்களில் அதே பாயில் அமர்கிறார்கள். அவர்களும் பொதுநிலையினரே. அவர்களுடைய அன்றாட வேலையில் விசுவாசத்திற்கு ஓர் இடம் உண்டென்றால், அந்த இடம் தராசின் முள். ஒரு கிராம் இலையை நேர்மையாக நிறுப்பதும், கழிக்கத் தகாததைக் கழிக்காமல் விடுவதும் அவர்கள் பீடத்திற்குக் கொண்டுவரும் காணிக்கை.

திருத்தந்தை 13ஆம் லியோ, நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த அவர், 1891 மே 15 அன்று ரேரும் நொவாரும் என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி வேறு வழியின்றியோ அச்சத்தாலோ குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டான் என்பதற்காக அந்தக் கூலி நியாயமாகிவிடாது என்று அதில் கற்பித்தார். இரு தரப்பும் சம்மதித்த ஒப்பந்தத்திற்கும் மேலாக இயற்கை நீதி ஒன்று உண்டு என்பது அவர் வாதம். 2025 மே மாதம் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லியோ என்னும் பெயரைச் சூடியபோது, அந்தச் சுற்றுமடலையே காரணங்களுள் ஒன்றாக நினைவுகூர்ந்தார். நூற்றாண்டு கடந்தும் அந்தப் பாடம் முடியவில்லை.

அருவிக்கரையும் ஓய்வுநாளும்

தென்காசியிலிருந்து சில கிலோமீட்டரில் குற்றாலம். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கினால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நாடெங்கிலும் இருந்து மக்கள் வந்து நீராடுவார்கள். அலுவலகமும் கடையும் மறந்து அவர்கள் பெறும் இளைப்பாறுதல் நல்லது. ஓய்வும் இறைவன் வகுத்ததே. ஆனால் அந்த அருவியின் நீரைச் சுமந்து ஓடும் சிற்றாற்றின் கரை ஊர்களில், அதே சாரலில், விளக்கடியில் தட்டு ஓய்வதில்லை. ஓய்வு ஒரு சிலரின் பருவகால இன்பமாகவும் மற்றவர்க்கு எட்டாக் கனியாகவும் ஆகும்போது அது ஓய்வுநாளின் பொருளை இழந்துவிடுகிறது. இணைச்சட்ட நூல் ஓய்வுநாளைக் கட்டளையிடும்போது, உன் பணியாளும் பணிப்பெண்ணும் உன்னைப் போல் இளைப்பாற வேண்டும் என்பதையும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதையும் காரணமாகக் கூறுகிறது.

1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வாரத்தில் ஒரு நாள் தொழிற்கூடத்தை முழுமையாக மூட வேண்டும் என்றது. ஒரு விலக்கு மட்டும் அளித்தது: இலை நனைக்கும் வேலை நடக்கலாம். மறுநாள் வேலைக்கு இலை பதமாக இருக்க வேண்டுமே! அவ்விலக்குப் பணி செய்தவருக்கு வேறொரு நாள் விடுப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் இவையெல்லாம் கதவுள்ள கூடத்துக்குப் பொருந்தின. வீட்டுத் திண்ணைக்கு எந்தக் கதவைச் சாத்துவது? ஞாயிறு மாலையில் இலையை நனைத்து வைப்பவளுக்கு மாற்று விடுப்பை யார் தருவார்? ஆயிரம் நிறைந்தால்தான் கூலி என்னும் கணக்கில், ஓய்வு என்பது அவள் தன் கூலியிலிருந்து தானே வெட்டிக் கொடுக்கும் ஒன்றாகிவிடுகிறது. ஞாயிறன்று தட்டைத் தொடாமல் கோயிலுக்கு வரும் ஒருத்தி எவ்வளவு பெரிய காணிக்கையோடு வருகிறாள் என்பதை உண்டியல் அறியாது; பீடம் அறியும்.

இத்தொழில் நல்ல தொழில்தானா?

இனி, தவிர்க்கவியலாத கேள்விக்கு வருவோம். பீடி உடலுக்குக் கேடு. புகைப்பவரின் நுரையீரலை அது அழிக்கிறது. தூளைச் சுவாசித்துச் சுற்றுபவரும் இருமலாலும் மூச்சிரைப்பாலும் துன்புறுகிறார். இப்படிப்பட்ட பொருளைச் செய்யும் வேலையைப் பீடத்தில் வைக்கலாமா? மனச்சாட்சியுள்ள பெண்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். வசதியுள்ளோர் சிலர் அவர்களைப் பார்த்து ஏளனமாகவும் கேட்கிறார்கள்.

திருச்சபை இக்கேள்வியை முதன்முறையாகச் சந்திப்பது இப்போதன்று. ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன், சிலை வழிபாட்டோடு தொடர்புடைய தொழில்களைப் பற்றி எழுதினார். சிலை செய்பவரும் சிலைகளுக்குச் சாம்பிராணி விற்பவரும் அத்தொழிலைக் கைவிட வேண்டும் என்றார். பிழைக்க வேறு வழியில்லை என்ற சாக்கையும் அவர் ஏற்கவில்லை. கண்டிப்பான மனிதர். ஆனால் அவருடைய எழுத்தில் நாம் கவனிக்கத் தவறும் ஓர் இடம் உண்டு. மரத்தில் தெய்வ உருவைச் செதுக்கத் தெரிந்த கைக்கு அலமாரி செய்வது இன்னும் எளிதல்லவா என்று கேட்டு, அந்தக் கைவினைஞர் தம் திறமையாலேயே செய்யக்கூடிய மாற்று வேலைகளை அவர் ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டுகிறார். விடு என்று சொன்னவர், எதைப் பிடிக்கலாம் என்றும் சொன்னார்.

3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்பட்டு, உரோமைப் புனித இப்போலித்துவின் பெயரால் வழங்கும் திருத்தூதர் மரபு என்னும் நூல் திருமுழுக்கு நாடி வருவோரின் தொழில்களை ஆராய்கிறது. வாட்போர் வீரன் தன் தொழிலை விட வேண்டும். சிலை செய்பவன் விட வேண்டும். பள்ளி ஆசிரியர் பிற தெய்வக் கதைகளைக் கற்பிக்க நேர்வதால் அவரும் விடுவது நல்லது. ஆனால் அவருக்கு வேறு தொழில் தெரியாதென்றால் அனுமதிக்கலாம் என்கிறது அந்நூல். இந்தச் சிறிய விலக்கில் ஒரு தாயின் இதயம் தெரிகிறது. தொழிலை எடை போடும்போது, அந்த மனிதருக்கு வேறு வாசல் திறந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே திருச்சபை எடை போட்டது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 செப்டம்பர் 14 அன்று மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட லபோரம் எக்சர்சென்ஸ் சுற்றுமடல் இங்கே நமக்கு இரண்டு திறவுகோல்களைத் தருகிறது. முதலாவது, உழைப்பின் மாண்பு செய்யப்படும் பொருளிலிருந்து வருவதன்று, செய்கின்ற மனிதரிடமிருந்து வருவது என்னும் போதனை. நாசரேத்துத் தச்சுக்கூடத்தில் மரத்துண்டை விலையேறச் செய்தது அதைத் தொட்ட கை. 1955ஆம் ஆண்டு 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தியதும் இந்த உண்மையை முன்னிட்டே. ஆகவே பீடி சுற்றும் தாய் பீடத்தில் வைப்பது பீடியை அன்று. அவள் வைப்பது வளைந்த முதுகு, மங்கிய பார்வை, பசியாற்றிய பிள்ளைகள், கட்டிய பள்ளிக் கட்டணம். அந்தக் காணிக்கையை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது திறவுகோல் நம்மை நோக்கித் திரும்புகிறது. நேரடியாக வேலை கொடுப்பவரோடு, மறைமுகமாக வேலை கொடுப்போரும் உண்டு என்கிறது அம்மடல். சட்டங்கள், அரசு, நிறுவனங்கள், வணிக ஏற்பாடுகள், ஒரு தொழிலாளிக்கு இந்த வேலை மட்டுமே கிடைக்கும் நிலையை உருவாக்கும் எல்லாருமே அதில் அடங்குவர். இந்தக் கண்ணோட்டத்தில், இது நல்ல தொழிலா என்னும் கேள்வியைத் தட்டை மடியில் வைத்திருப்பவளிடம் மட்டும் கேட்பது அநீதி. அவள் மடியில் வேறு எதையும் வைக்காமல் விட்ட நம் எல்லாரிடமும் அதைக் கேட்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு இந்தியாவும் அதை உறுதி செய்தது. அதன் 17ஆம் உறுப்பு, புகையிலைத் தொழிலாளருக்கும் பயிரிடுவோருக்கும் கட்டுப்படியாகும் மாற்றுப் பிழைப்பை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. தெர்த்துல்லியன் அலமாரியைக் காட்டியதும் இதுவே. மாற்றைக் காட்டாமல் தொழிலைப் பழிப்பது வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கேட்பதற்கு ஒப்பாகும்.

நம் கையில் இருப்பது

பெல்ஜியத்தில் 1925ஆம் ஆண்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய அருள்தந்தை ஜோசப் கார்டைன், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். நிலைமையைப் பார், நற்செய்தியின் ஒளியில் தீர்மானி, பின் செயல்படு என்னும் முறையை அவர் கற்பித்தார். 1961ஆம் ஆண்டு திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் அம்முறையைத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார். 1973ஆம் ஆண்டு உருவான பாளையங்கோட்டை மறைமாவட்டத்தின் தென்காசிப் பகுதிப் பங்குகளில் இம்முறையைக் கையாளப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

அன்பியக் கூட்டத்தில் ஒரு நாள் பாஸ்புக்கை நற்செய்தி நூலின் அருகே வைத்துப் பார்க்கலாம். பதிவு இல்லாத பெண்ணுக்குப் பதிவு பெற்றுத் தரவும், உரிய வைப்பு நிதியைக் கேட்டுப் பெறவும், உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரவும் படித்த இளைஞர் முன்வரலாம். தாயின் ஆயிரத்தை நிரப்ப எந்தச் சிறுமியும் பள்ளிப் பையை இறக்கி வைக்காதபடி காக்கலாம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமே பீடி சுற்றுதலைச் சிறுவர்க்கு ஆகாத வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. நூலை முடிச்சிடவும் அச்சில் பிசகாமல் வெட்டவும் பழகிய விரல்களுக்கு ஏற்ற வேறு கைத்தொழிலை நம் நிறுவனங்களும் துறவற இல்லங்களும் தேடித் தரலாம். தராசைப் பிடிப்பவர்கள் தராசை நேராகப் பிடிக்கலாம். இவற்றுள் எதுவும் திருப்பலிக்கு வெளியே நடக்கும் சமூகப் பணி என்று ஒதுக்கத்தக்கதன்று. காணிக்கை வேளையில் பீடத்திற்குச் சென்றது மனித உழைப்பு என்றால், பீடத்திலிருந்து திரும்பி வருவது அந்த உழைப்பைச் சீராக்கும் கடமை.

தன் ஆலயத்தைப் பின்னாளில் காக்கப்போகும் பெயரறியாதவரைப் பராக்கிரம பாண்டியன் வணங்கினான். நம் குடும்பங்களையும் பள்ளிகளையும் கோயில்களையும் தம் விரல்களால் தாங்கி வந்திருக்கும் பெயரறிந்த பெண்கள் நம் பக்கத்துப் பாயிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் செலுத்தும் வணக்கம் நேரான எடையாகவும், நியாயமான கூலியாகவும், உண்மையான ஞாயிற்றுக்கிழமையாகவும், அவர்களுடைய மகள்களுக்குத் திறந்திருக்கும் வேறொரு வாசலாகவும் அமையட்டும்.